இடது ஓரம்

அறைச் சாவி அம்மாளின் உள்ளங்கையில் இருந்தது. அதைக் கொடுக்கவும் இல்லை, விரல்களை மூடிக்கொள்ளவும் இல்லை.

"எதை வேணும்னாலும் தொடு. எதை வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் பாத்துச் சொல்லிடும்மா. அலமாரியில இடது ஓரத்துல என்ன இருக்கு?"

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அது விசித்திரமாகப் பட்டது. அவள் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவள். பெயர்பெற்ற மனிதர்கள் இறந்தபின் அவர்களுடைய அறைகளுக்குள் போய், விட்டுச்சென்ற காகிதங்களைப் பட்டியலிட்டு, பெட்டியில் அடுக்கி நூலகத்துக்குக் கொண்டுவருவது தொழில். இந்த வீட்டில் இருந்தவர், அம்மாளின் கணவர், கணினி விஞ்ஞானி, பேராசிரியர். மற்ற வீடுகளில் கேட்பதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். அந்தக் கடிதம் கிடைத்தால் கிழித்துவிடு என்பார்கள், இந்தப் படம் கிடைத்தால் என்னிடம் கொடு என்பார்கள். ஓரத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"புரியலை இல்ல? அவர் ஆயுசு பூரா ஒரே கேள்வியைக் கட்டிக்கிட்டு அழுதார். மெஷினோட நினைவகம் நிரம்பிப் போச்சு. புதுசா ஒண்ணு வாசல்ல வந்து நிக்குது. உள்ள இருக்கிறதுல எதை வெளிய தள்ளுறது?"

"எதைத் தள்ளணுமாம்?"

"ரொம்ப நாளா யாரும் தொடாததை. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க அத்தனை அறிக்கை, அத்தனை மாநாடு, அத்தனை பொன்னாடை." அம்மாள் சிரித்தாள். "அதே சட்டம்தான் வீட்டுலயும். எந்தக் கோப்பை எடுத்தாலும் திரும்ப வெக்கிறது இடது ஓரத்துல. கை படாதது தானா வலது பக்கம் நகர்ந்துகிட்டே போகும். அலமாரி நெருக்கி அடைச்சிருக்கும். புதுக் கோப்பு ஒண்ணு உள்ள வந்தா வலது ஓரத்துல இருக்கிறது கீழ விழும். விழுந்தது குப்பைக்கு. திறந்துகூடப் பாக்க மாட்டார்."

"அப்ப இடது ஓரத்துல இருக்கிறதுதான் அவர் கடைசியா தொட்டது."

"கற்பூரப் புத்திம்மா உனக்கு."

அம்மாளால் அதைத் தானே பார்க்க முடியாது. பார்வையின் நடுவில் கரி பூசியதுபோல் ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஆள் வருவது தெரியும், வாசற்படி தெரியும், எழுத்து தெரியாது. கடைசி ஒரு வருடம் கணவனும் மனைவியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்று யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள். "எனக்குக் கண்ணு போச்சு, அவருக்கு வாய் போச்சு. சண்டை ஒண்ணும் இல்லை. சண்டை போட்டாலாவது பேசியிருப்போம்." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "அதுக்குள்ள என்னோடது ஒண்ணு இருக்கு. அவரோட முதல் அறிக்கைக்குப் புரோகிராம் எழுதினது நான்தான். ராத்திரி பகலா உக்காந்து எழுதினேன். அறிக்கை அச்சாகி வந்தப்ப கடைசிப் பக்கத்துல, என் மனைவியின் பொறுமைக்கு நன்றின்னு போட்டிருந்தார். புரோகிராமுக்கு இல்லை, பொறுமைக்கு! அந்தக் கோப்பு இன்னும் அலமாரியை விட்டு விழலைன்னா எப்பவாவது தொட்டிருக்கார்னு அர்த்தம். கடைசியில தொட்டது அதுதானான்னு எனக்குத் தெரியணும்."

சாவி கை மாறியது.

அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். நடந்தால் சத்தம் வராது, அறையை விட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒருவர் தம் காகிதங்களை எந்த வரிசையில் விட்டுப்போனாரோ அதே வரிசையில் அவை நூலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது ஆவணத் தொழிலின் முதல் விதி. வரிசையும் அந்த மனிதர் எழுதிய எழுத்துதான். அதைக் கலைப்பது ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம். இந்த விதியில் அவளுக்கு நிகர் கிடையாது. அவள் கை பட்ட தடமே இருக்காது. தடம் விடாமல் இருக்கும் பழக்கம் வேலையோடு நிற்காமல் வாழ்க்கைக்குள்ளும் எப்போது நடந்து வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தாள். குடும்பமாக வெளியூர் போகும்போது, வீட்டைப் பூட்டிய பிறகுதான் அக்காவுக்கு அவள் ஞாபகம் வரும். "அடடா, நீ இருக்கேல்ல" என்பாள் அக்கா. கோபப்பட ஒன்றும் இல்லை. அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

அறை நீளமாக, குறுகலாக இருந்தது. ஒற்றை ஜன்னல், அதற்குக் கீழே மேசை, மேசையோரம் சாய்வில்லாத மர நாற்காலி. நாற்காலியில்தான் அவர் இறந்துபோனார். எதிர்ச்சுவர் முழுவதும் ஒரே தட்டாக நீண்ட இரும்பு அலமாரி, அதில் ஒரே நிறத்தில், பழுப்பு அட்டைக் கோப்புகள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு விரல் நுழையாது.

முதலில் வரிசை முழுவதையும் இடமிருந்து வலமாகப் படம் எடுத்தாள். பிறகு இடது ஓரக் கோப்பின் முதுகைப் படித்தாள். நிரம்பிய நினைவகம் பற்றிய அறிக்கை, மூன்றாம் திருத்தம். அம்மாளுடையதைத் தேடினாள். வலது ஓரத்துக்கு மிக அருகில் இருந்தது. அதற்கும் வலப்பக்கம் ஒரு கை நிறையப் பிடிக்கிற அளவுக்குத்தான் கோப்புகள்.

மதியம் சாப்பாட்டு மேசையில் முதல் செய்தியை மட்டும் சொன்னாள். இரண்டாவதை அம்மாளும் கேட்கவில்லை.

"மூணாம் திருத்தமா? அது சரி. பிள்ளை இல்லாத வீட்டுல அதுதானே மூத்த பிள்ளை," என்றாள் அம்மாள். தட்டிலிருந்து கை எழவில்லை.

கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே என்ன என்று எழுதிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது முதல் கட்ட வேலை. பேராசிரியருக்குக் கிளிப், ஸ்டேப்ளர் எதுவும் ஆகாதுபோல. ஒவ்வொரு கட்டுக்கும் இடது மூலையில் ஒரு குண்டூசி, எப்போதும் ஒரே சாய்வில். ஊசிகள் துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பாகக் கண்ணீர் விட்டிருந்தன. அவற்றைக் காகிதம் கிழியாமல் உருவி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். இதற்கிடையில் அவளுடைய பட்டியல் தாள்கள் இருந்த பிளாஸ்டிக் உறையின் மேல் தேநீர் கொட்டிவிட்டது. அம்மாள்தான் சொன்னாள்: "அவர் மேசை இழுப்பறையில கோப்புக்கான காலி அட்டை கத்தையா கிடக்கு. ஒண்ணு எடுத்துக்கோ." ஒன்றை எடுத்துத் தாள்களை அதில் போட்டுக்கொண்டாள். இறந்தவருடைய எழுதுபொருளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். காலி அட்டைதானே என்று நினைத்தாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது இடது ஓரத்தில் வேறொரு கோப்பு இருந்தது.

அவள் அங்கேயே நின்றாள். நேற்று தான்தான் இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். அந்த எண்ணமே அவமானமாக இருந்தது. படத்தை எடுத்து ஒப்பிட்டாள். நேற்று வலது ஓரத்தில், அம்மாளுடைய கோப்புக்கு அப்பால் நின்ற ஒன்று இன்று இடது ஓரத்துக்கு வந்திருந்தது. அதை அவள் இன்னும் தொடவே இல்லை. சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது.

படத்தில் இருந்தபடி அதைத் திரும்ப வலப்பக்கம் வைத்தாள். அடுத்த நாள் அது மறுபடியும் இடது ஓரத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் இன்னொன்று. அதன்பின் திருப்பி வைப்பதை விட்டுவிட்டாள்.

ஆவணப் பிரிவுத் தலைவர் போனில் கூப்பிட்டபோது சொல்லிப் பார்த்தாள். அவர் கேலிக்கார மனிதர்.

"ஆவியா? நல்லதாப் போச்சு. அதுக்கும் ஒரு பட்டியல் எண் போட்டுக் கொண்டாங்க பூனை மேடம். புழங்குற ஆவணம்னு தனிப் பிரிவே ஆரம்பிச்சிடலாம்."

"சார், விளையாட்டு இல்லை. வரிசை மாறுது. எந்த வரிசையை நான் மூல வரிசைன்னு எழுதுறது?"

"அவர் விட்டுட்டுப் போன வரிசையை எழுதுங்க."

"அவர் இன்னும் விடலைன்னா?"

மறுமுனையில் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை வண்டி வரும், பெட்டிகள் தயாராக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுக்குப் பயமாக இருந்ததா? பயம் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் தேடத் தயங்கினாள். காலையில் பேருந்தில் வரும்போதே இன்று எதை எடுத்திருப்பார் என்று மனம் முந்திக்கொண்டு ஓடியது. மாடி அறையில் தனியாகச் சாப்பிடும்போது அந்த அலமாரியைக் கண்ணுக்குள் இடமிருந்து வலமாக ஒருமுறை நடந்து வந்தாள். இத்தனை வருடங்களில் அவள் திறந்த அறைகளில் எல்லாம் ஆள் போய் முடிந்திருந்தது. இங்கே மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த வேலையின் போக்கு அவளுக்குப் பிடிபட ஆரம்பித்தது. நகர்ந்த கோப்புகள் எல்லாமே அம்மாளுடைய கோப்புக்கு வலப்பக்கம் இருந்தவை. அதைத் தாண்டிக் கை நீட்டி, அப்பால் இருப்பதை எடுத்து, இடது ஓரத்தில் வைக்கிறார். ஒவ்வொரு முறையும் அம்மாளுடையது ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. யாரோ அதை மட்டும் தொடாமல், அதைச் சுற்றி வேலை செய்கிறார்கள். வியாழக்கிழமை காலை அது வலது ஓரத்தில், அலமாரியின் விளிம்போடு ஒட்டிக் கடைசியாக நின்றது.

"இன்னிக்கு முன்னால என்ன?" என்று அம்மாள் மதியம் கேட்டாள். தினமும் கேட்கிறாள். கோப்புகள் நகர்வதை அவள் சொன்னபோது அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை.

"மாநாட்டு உரை ஒண்ணு."

"ம்."

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

அம்மாள் தம்ளரைத் தடவி எடுத்துத் தண்ணீர் குடித்தாள். "அவர் போன அன்னிக்கு நான் அடுப்படியில இருந்தேன். கோப்பை இழுத்து வெக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அட்டை இரும்புல உரசுமே, அந்தச் சத்தம். சரி, வேலை நடக்குதுன்னு சாப்பாடு எடுத்து வெச்சுட்டுக் கூப்பிடப் போனேன். தோளைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கார். டாக்டர் வந்து பாத்துட்டு, விடியக்காலையிலேயே போயிருக்கும்னார். நான் மதியம் வரைக்கும் சத்தம் கேட்டேன்மா. யார்கிட்ட சொல்ல? கண்ணுதான் போச்சுன்னு பாத்தா காதும் போச்சான்னு கேப்பாங்க."

"அன்னிக்கே அறையைப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டினேன். அவர் போனதுக்காகப் பூட்டலை. போகலைன்னா, செய்யுற வேலையை முடிக்கட்டும்னு பூட்டினேன். எப்பவாவது என்னோடதுக்கு வருவார்ல?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பூட்டாத கதவுக்கு அப்பால், பட்டப்பகலில், அட்டை இரும்பில் உரசி இழுபடும் நீண்ட சத்தம். இருவரும் அசையவில்லை. அம்மாளின் முகம் சத்தத்தின் பக்கம் திரும்பி, காத்திருக்கும் முகமாக ஆனது. சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எதையோ பலமாக அழுத்தி நுழைக்கும் ஓசை. அலமாரி முழுவதும் ஒரு முறை முனகியது. உடனே தரையில் ஏதோ விழுந்தது.

"போய்ப் பாரு," என்றாள் அம்மாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

அறையில் யாரும் இல்லை. வெயில் ஜன்னல் வழியாக நாற்காலி மேல் விழுந்திருந்தது. அலமாரியின் வலது ஓரத்துக்குக் கீழே, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், ஒரு கோப்பு முதுகு மேலாகக் கிடந்தது. யாருடையது என்று குனியாமலே தெரிந்தது. அவள் இடது ஓரத்தைப் பார்த்தாள். அங்கே நின்ற கோப்பின் முதுகில் எழுத்தே இல்லை.

மேசையைத் திரும்பிப் பார்த்தாள். மேசைமேல் அவள் வைத்துவிட்டுப் போன பட்டியல் கோப்பு இல்லை.

இடது ஓரத்தில் நின்றதை உருவித் திறந்தாள். அவளுடைய தாள்கள்தான், அவளுடைய கையெழுத்துத்தான். இடது மூலையில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. அதே சாய்வு. நாளெல்லாம் ஊசி உருவுகிறவள் தன் தாளில் ஊசி குத்த மாட்டாள். ஊசியைச் சுற்றிக் காகிதம் லேசாக நலுங்கியிருந்தது, பக்கம் பக்கமாகப் புரட்டி நிதானமாகப் படித்ததுபோல.

படித்திருக்கிறார் என்று நினைத்தாள். கழுத்துக்குப் பின்னால் சூடாக ஏறியது. அவள் எழுதியதை யாரும் படிப்பதில்லை. பட்டியலின் கடைசியில் போடும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பள்ளியில் பெயர் வாசிக்கும்போது டீச்சர் நிமிர்ந்து ஒரு முறை இவளைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்தச் சின்னச் சந்தோஷத்தைக் கையும் களவுமாகப் பிடித்தபோது, தரையில் கிடந்த கோப்பு கண்ணில் பட்டது.

இதை எடுத்து இடது ஓரத்தில் வைத்துவிட்டு, உங்களுடையதுதான் முன்னால் இருக்கிறது என்று போய்ச் சொல்லிவிடலாம். பொய்கூட ஆகாது. கண் தெரியாத மனுஷி. அதோடு நிம்மதியாகப் போய்விடும். ஆனால் ஒருவர் எதைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்பதை மாற்றி எழுத அவளுக்குக் கை வரவில்லை. கோப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் அம்மாளின் மடியில் வைத்தாள்.

"இதுதாம்மா விழுந்துச்சு."

அம்மாள் அட்டையைத் தடவினாள், ஓரங்களைத் தடவினாள். "என்னோடதா?"

"ஆமாம்மா."

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். "செத்தும் மாறலை பாரு மனுஷன்." பிறகு சிரிப்பு நின்றது. பார்வையின் ஓரத்தால் அவளைப் பிடிக்க முகத்தைச் சாய்த்தாள். "புதுசு ஒண்ணு உள்ள வந்தாத்தான் பழசு விழும். உள்ள என்ன வந்துச்சு?"

"என்னோட கோப்பு. நீங்க குடுத்த அட்டையில போட்டு வெச்சிருந்தேன்."

அம்மாள் எழுந்தாள். மடியில் இருந்தது மறுபடியும் தரையில் விழுந்தது, அதைக் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த அறைக்குள் நடந்தாள், இத்தனை நாள் கால் வைக்காத அறைக்குள்.

"எல்லாத்தையும் கீழ எடுத்துப் போடு."

"அம்மா, வரிசை..."

"வரிசை இருந்தாத்தானே அவருக்கு வழி தெரியும்? கலைச்சுப் போடுங்கிறேன்!"

அவள் தயங்கி நின்றபோது அம்மாளே அலமாரியில் கையை விட்டு ஒரு கொத்தை வாரித் தரையில் போட்டாள். பிறகு இவளும் வாரினாள். முதல் கொத்தை மெதுவாக இறக்கி வைத்தாள், அடுத்ததை அப்படியே போட்டாள். தரையில் பழுப்புக் குவியல் உயர்ந்தது. இரண்டு பெண்களும் அதன் இருபுறமும் மண்டியிட்டு, மாவு பிசைவதுபோல் கலைத்தார்கள். அடியில் கிடந்ததை மேலே இழுத்தார்கள், மேலே கிடந்ததை அடியில் செருகினார்கள். மூச்சு வாங்கியது. ஒருவருடைய வாழ்நாளின் வரிசை அவள் கையாலேயே போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டதுபோல் இருந்தது.

"போதும்," என்றாள் அம்மாள். "உன்னோடதைத் தேடி எடு. எடுத்துக்கிட்டு இன்னியோட நின்னுக்கோ. வண்டியை நான் பாத்துக்கறேன்."

குவியலில் எல்லாம் ஒரே அட்டை, ஒரே நிறம். அவள் கையை விட்டு, பட்டதை எடுத்தாள். முதுகில் எழுத்து இல்லை. திறந்தாள். அவளுடையது.

தற்செயல்தான். அவள் அதைக் குவியலின் நடுவில் ஆழமாகச் செருகி, மேலே பத்துப் பதினைந்தைத் தள்ளி மூடி, மறுபடியும் கலைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வேறு பக்கமாகக் கையை விட்டாள். விரலில் சாய்ந்த ஊசியின் கொண்டை தட்டுப்பட்டது.

"யாரோடது வந்துச்சு?" என்று கேட்டாள் அம்மாள்.

"என்னோடதுதாம்மா."

"முதல்லயும் அதானா?"

அம்மாள் குவியலைச் சுற்றித் தவழ்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வயதுக்கு மீறிய பிடி.

"அந்தக் காகிதம் இங்கேயே கிடக்கட்டும். விட்டுட்டு எந்திரி. அவருக்கு ஒண்ணு மனசுல ஏறிடுச்சுன்னா வேற எதையும் எடுக்க மாட்டார்மா. நான் அந்த இடத்துல இருந்திருக்கேன். ரெண்டு வருஷம், அந்தப் புரோகிராம் எழுதின ரெண்டு வருஷம், உலகத்துல என்னைத் தவிர ஒருத்தரும் இல்லாத மாதிரி என்னைப் பாத்தார். அதை நம்பித்தான் மிச்ச ஆயுசு பூரா இந்த வீட்டுல உக்காந்திருந்தேன். போ. எந்திரி."

அவள் கோப்பைக் கீழே வைத்தாள். வாசல் திறந்துதான் இருந்தது. கைப்பை கூடத்து நாற்காலியில் இருந்தது. கடைசிப் பேருந்துக்கெல்லாம் இன்னும் வேண்டிய நேரம் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் தெரு.

பின்னால், காலி அலமாரியின் இடது ஓரத்தில், இரும்பை யாரோ விரலால் மெதுவாக, பொறுமையாகத் தட்டினார்கள், வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவதுபோல.

அம்மாள் அவள் மணிக்கட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள். எழுந்துகொள்ளத் தனக்கு மனமில்லை என்பது தெரிந்தபோதுதான், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.